ஒருத்தி மட்டும் சொன்ன வழி

என் சின்னம்மா மகள் ஷாகிதா எங்கே குடியிருக்கிறாள் என்பது எனக்கும், அவளுக்கு மாடி அறை வாடகைக்குக் கொடுத்த மைதிலி டீச்சருக்கும், படைத்தவனுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில், ரப்பர் வாஷர் செய்யும் பட்டறையின் மேல்மாடியில், என் மேசைமேல் இருந்த ஒரு சாஃப்ட்வேருக்கும் அது தெரிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் நான்தான். கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான் டெஸ்டர். அடுத்தவர் செய்த வேலையில் நொட்டை சொல்வது என் தொழில். இதையே மாமியார் வீட்டில் செய்தால் வாயாடி என்கிறார்கள், இங்கே மாதம் பிறந்தால் கணக்கில் பணம் போடுகிறார்கள். என் வீட்டுக்காரர் காலித், "பிரியாணில கல்லு தேடறதுக்கு ஆளு எடுத்தா உன்னத்தான் எடுப்பானுங்க" என்பார். உண்மைதான். புது சாஃப்ட்வேர் எதைப் பார்த்தும் நான் வாயைப் பிளந்தவள் இல்லை. எல்லாம் எங்கேயாவது புட்டுக்கொள்ளும், அது எங்கே என்று பார்ப்பதில்தான் எனக்கு ருசி.

ஆனால் 'பக்கம்' வந்தபோது பிளந்தேன். ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் பக்கத்தில் யாரும் கதவு எண்ணைச் சொல்லி வழி சொல்வதில்லை. கதவு எண் ஆதார் கார்டோடு சரி. பழைய நம்பர் ஒன்று, புது நம்பர் ஒன்று, இரண்டும் கேட்டில் இருக்காது. "பால் பூத் தாண்டி லெஃப்ட்டு, டைலர் கடை மாடி, வாசல்ல ஸ்கூட்டர் நிக்கும்" என்றால்தான் ஆள் வந்து சேர முடியும். கூரியர்காரர் வராவிட்டால் பரவாயில்லை. ஆம்புலன்ஸ் வர வேண்டுமே.

குமணன்சாவடியில் ஹாஜா மொய்தீன் பாய் என்பவர் காசு வாங்காமல் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். போன் எடுக்க அவர் வைத்திருக்கும் கேபினுக்கு வந்த அழைப்புகளைப் பல வருடங்களாகப் பதிந்து வைத்திருந்தார்கள். வண்டி கடைசியில் எந்த வீட்டில் போய் நின்றது என்பதும் பதிவில் இருந்தது. எங்கள் கம்பெனிப் பையன் நிர்மல், ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், அந்தப் பதிவுகள் அத்தனையையும் ஒரு சாஃப்ட்வேருக்குப் படிக்கக் கொடுத்தான். ஜனங்கள் வாய்க்கு வந்தபடி சொல்கிற வழியைக் கேட்டு, இடத்தை வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்ட அது கற்றுக்கொண்டது. அதற்குத்தான் 'பக்கம்' என்று பேர் வைத்தான். ஓட்டிப் பார்ப்பதற்காக ஒரு பெட்டியை ஹாஜா பாய் கேபினிலும் வைத்திருந்தான்.

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு முதல் நாளே அதைக் கவிழ்க்கப் பார்த்தேன். "முருங்கமரத்து ஸ்டாப்பிங்" என்றேன். அந்த மரம் புயலில் விழுந்து வருடக்கணக்காகிறது. மரம் போனாலும் எங்கள் ஏரியா அங்கேதான் பஸ் ஏறுகிறது. புள்ளி நேராகப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தது. "பாலத்துக்கு இந்தாண்ட" என்றேன். "நீங்க எந்தாண்ட நின்னுகினு பேசறீங்க?" என்று அது திருப்பிக் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூணு மாடி, பாதி பெயிண்ட் அடிச்சு உட்ட வீடு" என்றேன். இரண்டு புள்ளிகள் வைத்துவிட்டு, "ஒண்ணு ரோஸு, ஒண்ணு நீலம், எது?" என்றது. ஒரு ஊர் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்ட பேச்செல்லாம் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. தொழுகைக்கு நிற்கும்போது வருகிற ஒரு அமைதி அன்றைக்கு அலுவலகத்தில் வந்தது. நிர்மலிடம் சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறிக்கொள்வான்.

இந்த 'பக்க'த்தை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்துவிடுவது என்று முதலாளி மனோகரன் முடிவு செய்திருந்தார். யார் வேண்டுமானாலும் போனில் இறக்கிக்கொள்ளலாம். எந்த ஊர் ஆம்புலன்ஸும், தீயணைப்பு வண்டியும், சிலிண்டர் போடுகிறவரும், கூரியர் பையனும் பயன்படுத்திக்கொள்ளலாம். வெளியே விடுவதற்கு முன், அதற்குள் யாருடைய அந்தரங்கமும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று நான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பெயர்களை எடுத்திருந்தார்கள். போன் நம்பர்களை எடுத்திருந்தார்கள். இந்த மாதிரி விஷயங்களை மோப்பம் பிடிக்கும் கருவி ஒன்றையும் ஓடவிட்டேன். சுத்தம் என்றது.

கருவியை நம்பிக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. எந்தக் கேள்விக்குப் பதில் வரவே கூடாதோ, அதைக் கடைசியாகக் கேட்டுப் பார்ப்பேன். அந்தக் கேள்வி ஷாகிதா.

அவள் புருஷன் ராஷித் கூரியர் வேன் ஓட்டுகிறான். ஒரு நோன்பு மாதத்தில் அவள் கையை முறித்தான். ஜமாத்தில் பெரியவர்கள் பேசி அனுப்பி வைத்தார்கள், திரும்பவும் முறித்தான். கழுத்தைப் பிடித்த அன்று, மகள் மஹ்ஜபீனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். நான்தான் அண்ணனூரில் இடம் பார்த்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவன் தேடுகிறான். தெருத்தெருவாகத் தேடுவதற்கு அவனுக்குச் சம்பளம் வேறு கிடைக்கிறது. 'பக்கம்' வெளியே வந்தால் அதை முதலில் இறக்கிக்கொள்ளப் போவது கூரியர் கம்பெனிகள்தான், ஒரு வாரத்தில் அது ராஷித் கையில் இருக்கும்.

மஹ்ஜபீனுக்கு வலிப்பு வரும். ஹாஜா பாய் நம்பரை நானே ஷாகிதாவுக்குக் கொடுத்திருந்தேன். அவள் ஒன்றிரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். அந்தப் பேச்சும் 'பக்கம்' படித்த பாடத்தில் இருக்கும்.

ஷாகிதாவின் பேச்சில் ஒரு விசேஷம் உண்டு. அவள் அத்தா பூந்தமல்லி பஜாரில் துணிக்கடை வைத்திருந்தவர். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் கஜக் கணக்குதான். பள்ளிக்கூடம் இருநூறு கஜம், ஆஸ்பத்திரி ஐந்நூறு கஜம். துணி கிழித்துக் கிழித்தே அவர்களுக்குத் தெருவும் துணியாகிவிட்டது. எங்கள் கல்யாணங்களில் இதைச் சொல்லி அவளைக் கிண்டல் செய்யாதவர்கள் இல்லை, ராஷித் உட்பட.

ஹெட்செட்டில் அவளைப் போலவே பேசினேன். ஊர்ப் பெயர் சொல்லவில்லை, தெரு சொல்லவில்லை. "அண்ணாத்தே, புள்ளைக்கு இழுக்குது, சீக்கிரம் வாங்க அண்ணாத்தே, நூறு கஜம்தான்" என்றேன்.

வரைபடம் ஒரு சுற்று சுற்றி அண்ணனூரில் நின்றது. புள்ளி விழுந்தது. காதில் குரல் வந்தது: "ரயில் ஷெட்டு செவுரு முடியற எடம், பச்சை கேட்டு, எதிர்மாடி. பெல் அடிக்காம போன் பண்ணிட்டு வரணும். சரியா?"

உடம்பெல்லாம் புல்லரித்தது. பயம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது பிரமிப்பு. அவள் பெயர் அதற்குத் தெரியாது. நம்பர் தெரியாது. அவளைக் குரலால், அழுகையால், அத்தாவின் கடைக் கணக்கால் தெரிந்துவைத்திருந்தது. பெற்ற தாய்கூட இருட்டில் மகளை இப்படித்தான் அடையாளம் கண்டுபிடிப்பாள். அப்புறம் ராஷித் அதே வார்த்தைகளைச் சொல்வது போல மனதில் ஓடியது. ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன்.

நிர்மலைக் கூப்பிட்டேன். பேச்சையும் பதிலையும் காட்டாமல், ஊர்ப் பெயரே சொல்லாமல் இடத்தைச் சொல்லிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவன் முகம் பிரகாசமாகிவிட்டது.

"சத்தியமா நான் சொல்லித் தரலக்கா. அதுவா கத்துகினு கீது. யாரு எப்படிப் பேசறாங்கன்னு புடிச்சு வெச்சுகினு கீது."

"பல்லக் காட்டாத. அத மட்டும் மறந்துடுன்னு சொன்னா மறக்குமா?"

"மறக்கச் சொன்னா மறந்தா மாதிரி நடிக்கும்க்கா. வேற மாதிரி கேட்டா கக்கிடும். மொதல்லேந்து படிக்க வெச்சாத்தான் உண்டு."

மனோகரனிடம் போனேன். வெள்ளிக்கிழமை வெளியீட்டு விழாவுக்கு முகப்பேரில் மண்டபம் சொல்லியாகிவிட்டது, பேனர் அடித்தாகிவிட்டது, அவர் பேசப் போகும் பேச்சும் தயார். அவருக்கு ஒரு பழக்கம். எதைச் சொல்வதற்கு முன்பும், "மொதல்ல நான் சொல்றத முழுசா கேளுங்க" என்பார். வீட்டிலும் அப்படித்தான் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார்.

"மொதல்ல நான் சொல்றத முழுசா கேளுங்க ஜரினா. பேரு இல்ல. நம்பர் இல்ல. டூல் சுத்தம்னு சொல்லிடுச்சு. இன்னும் என்ன இருக்கு அதுல, சொல்லுங்க?"

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். ஓட்டையைக் காட்டினால் ஷாகிதாவைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் என்னை யார் நம்புவார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளைப் போல நின்றேன். அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. மனோகரனுக்கும் ஹாஜா பாய்க்கும் பழக்கமே ஒரு ஆம்புலன்ஸ் அழைப்பில் தொடங்கியதுதான்.

"சார், உங்கள வெச்சே பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமா பாருங்க" என்றார், சிரித்துக்கொண்டே.

ஹெட்செட்டை எடுத்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு, "மொதல்ல நான் சொல்றத முழுசா கேளுங்க" என்றேன். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"முகப்பேரு, ஹவுசிங் போர்டு, பார்க்குக்கு எதிர் பிளாக்கு, ரெண்டாவது மாடி" என்றது 'பக்கம்'. "பெரியவரு மறுபடி குடிச்சுட்டுக் கட்டில்லேந்து உழுந்துட்டாரா? போன வாட்டி மாதிரி பக்கத்து ஊட்டுக்குத் தெரியாம பின்படில தூக்கணுமா?"

மனோகரன் முகத்தில் ரத்தம் இல்லை. அவர் அப்பா ராத்திரியில் குடித்துவிட்டு விழுகிறவர் என்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. இப்போதும் தெரிய வேண்டாம் என்று நான் கதவைச் சாத்தினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்பீக்கரை அணைத்தார்.

"எங்க அப்பாவ எனக்கு முன்னாடி அது விசாரிக்குது" என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்கு வந்த அதே பிரமிப்புதான் அவருக்கும். மண்டபக்காரரைப் போனில் கூப்பிட்டு விழாவைத் தள்ளி வைத்தார்.

விழா நின்றதையும், 'பக்கம்' படித்ததை அழித்து முதலிலிருந்து படிக்க வைக்கப் போவதையும் கேள்விப்பட்டு ஹாஜா மொய்தீன் பாய் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"இன்னாம்மா, கத்துகினதெல்லாம் அழிக்கப் போறீங்களாமே?"

"ஆமா பாய். வெளியே போனா ஆபத்து."

"நீ ஆபத்துன்ற. நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. போன மாசம் ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. அழுகைல வார்த்தையே வரல. 'அண்ணாத்தே, புள்ள, புள்ள'ன்னுச்சு. அப்பால 'நூறு கஜம்'னுச்சு. லைன் கட்டு. நம்பரும் புது நம்பரு, திரும்பக் கூப்ட்டா எடுக்கல. கேபின்ல பசங்க முழிச்சுகினு கீறானுங்க. நிர்மல் தம்பி குடுத்த பெட்டிதான் எடத்த காட்டுச்சு. போய்ப் பாத்தா கொழந்த நீலம் பாரிச்சுக் கீது. ஆக்ஸிஜன் வெச்சுத் தூக்கினு ஓடினோம்."

"கொழந்த?" என்றேன்.

"பொழச்சுகிச்சு, அல்ஹம்துலில்லாஹ். டாக்டரு இன்னா சொன்னாரு தெரியுமா? இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா முடிஞ்சிருக்கும்னாரு. இத அழிச்சுட்டு அந்தப் பொண்ணு மறுபடி போன் பண்ணா நான் எங்கம்மா போவேன்?"

நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். போன மாதம் ஷாகிதாவைப் பார்த்தபோது மஹ்ஜபீன் துவண்டு படுத்திருந்தாள். காய்ச்சல் என்று சொன்னாள் அவள். எனக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று மறைத்திருக்கிறாள். கீழே பட்டறையில் இயந்திரம் தட்டிக்கொண்டிருந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மாவைக் காட்டிக்கொடுக்கப் போகிற அதே அறிவுதான் மகளின் உயிரைக் காப்பாற்றியிருந்தது. இரண்டில் எதை அழிப்பது?

ஹாஜா பாய் கோபமாகத்தான் கிளம்பிப் போனார். அந்தப் பெண் யார் என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்காதவர் என்பதால்தான் ஜனங்கள் அவரைக் கூப்பிடுகிறார்கள்.

சாயங்காலம் வேலை முடிந்து இறங்கினால் காலித் போன்.

"எங்க நிக்கற?"

"நாம சண்ட போட்டோம்ல, அந்தக் கடை" என்றேன், யோசிக்காமல்.

"எந்தச் சண்ட? நாம போடாத சண்டையா?"

"பலூடால ஐஸ்கிரீம் கொறைச்சுட்டான்னு நீங்க கத்தினீங்களே."

"ஆங், அது. அங்கியே நில்லு."

போனைப் பையில் போட்டேன். பக்கத்தில் ஷேர் ஆட்டோக்காரர், "முருங்கமரம், முருங்கமரம், எறங்குறவங்க ஏறு" என்று கூவிக்கொண்டிருந்தார். கூவுவதைக் கேட்டு ஒரு கூட்டமே ஏறியது. நான் நின்றது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த இடம். அதே ரோட்டில், கை எட்டும் தூரத்தில், ஊருக்கே தெரிந்த இடம் ஒன்று. சொல்கிற விதத்தில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். காலித் வண்டியில் வந்து ஹாரன் அடித்தும் நான் ஏறாமல் நின்றேன். "இப்ப இன்னா கல்லு கண்டுபுடிச்ச?" என்று கேட்டார்.

மறுநாள் நிர்மலிடமும் மனோகரனிடமும் சொன்னேன். பலபேர் சொன்ன அடையாளம் ஊர்ச் சொத்து. ஒருத்தர் மட்டும் சொன்னது அவருடைய சொத்து. வெளியே போகிற 'பக்கம்' ஊர்ச் சொத்தை மட்டும் படிக்கட்டும். ஒரே வீட்டுக்காரர், ஒரே குரல் சொன்ன எதையும் அதன் கண்ணில் காட்டக் கூடாது, முதலிலிருந்து படிக்கட்டும். எல்லாம் தெரிந்த பழைய பெட்டி ஹாஜா பாய் கேபினிலேயே இருக்கட்டும், இன்டர்நெட் இல்லாமல், வெளிக் காற்றே படாமல்.

"வெளிய போறது கொஞ்சம் மக்காயிடும்க்கா" என்றான் நிர்மல். பெற்ற பிள்ளையின் மார்க்கைக் குறைக்கச் சொன்னதுபோல அவன் முகம் வாடிவிட்டது.

"ஆகட்டும். ஊர்ல எல்லாம் தெரிஞ்சவன விட, வாய மூடத் தெரிஞ்சவன்தான் நமக்கு வேணும்."

மனோகரன் தலையாட்டினார். முதல்முறையாக என் பேச்சை அவர் முழுசாகக் கேட்டிருந்தார்.

கேபினில் இருக்கும் பெட்டியைப் பற்றி முடிவு செய்ய வேண்டியவர்கள் நாங்கள் இல்லை, அதில் குரல் இருக்கிறவர்கள்தான். ஹாஜா பாயிடம் இதைச் சொன்னபோது, கோபம் தணிந்து, "நியாயம். அவங்கவங்ககிட்டயே கேட்டுக்கலாம்" என்றார். தன் ஆட்களை விட்டு, கூப்பிட்டவர்களை ஒவ்வொருவராகக் கேட்க ஏற்பாடு செய்தார். அண்ணனூரில் கேட்க வேண்டியவள் மட்டும் என் பொறுப்பு.

ஷாகிதா ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழக்கம்போலச் சாத்தியிருந்தது. பேசும்போது குரலை அடக்கித்தான் பேசுவாள், இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்தே அப்படி. நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். காய்ச்சல் என்று பொய் சொன்னதற்குத் திட்டவும் செய்தேன். அவள் திட்டைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. மிஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"அழுகைய வெச்சே என்ன கண்டுபுடிச்சுதாக்கா?"

"ஆமா."

"அன்னிக்கு ஆம்புலன்ஸு வந்து நின்னப்போ, நான் எடம் சொல்லவே இல்லியேன்னு அப்புறம்தான் நெனச்சேன். யா அல்லாஹ், நீதான் வழி காட்டுனேன்னு நெனச்சுக்கினேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இப்பவும் அப்பிடித்தான் நெனைக்கிறேன்."

கேபின் பெட்டியில் தன் குரல் இருக்கட்டும் என்று உடனே சொல்லிவிட்டாள். மகள் விஷயத்தில் அவளுக்கு யோசனையே இல்லை. வெளியே போகப் போவதைப் பற்றித்தான் நம்பவில்லை.

"நீ என்ன மாதிரி பேசிப் பாத்தா போதுமாக்கா? ராஷித் என்கூட வாழ்ந்தவன். நான் கோவத்துல எப்பிடிப் பேசுவேன், பயத்துல எப்பிடிப் பேசுவேன், எல்லாம் தெரியும் அவனுக்கு. நானே வந்து பேசிப் பாக்கறேன். அது என்னத் தெரியாதுன்னு சொல்லணும், என் காதால கேக்கணும். அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

புது 'பக்கம்' படித்து முடித்த பிறகு, ஒரு மதியம் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு மின்சார ரயிலில் அம்பத்தூர் வந்தாள். கறுப்புத் திரைக்குள் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. மனோகரன் எதுவும் கேட்காமல் எல்லாரையும் டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அறையில் நாங்கள் மூன்று பேர் மட்டும். நான் அதற்குள் எனக்குத் தெரிந்த வழியிலெல்லாம் சோதித்து முடித்திருந்தேன். ஆனாலும் இந்த ஒரு சோதனையில் தோற்றால் இதை என் கையாலேயே அழித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஷாகிதா மைக் பக்கம் குனிந்தாள். வழக்கமான அடங்கிய குரலில், "அண்ணாத்தே, புள்ளைக்கு இழுக்குது" என்றாள்.

"எங்க கீறீங்க? பக்கத்துல இன்னா கீது, சொல்லுங்க" என்றது அது.

"நூறு கஜம்தான் அண்ணாத்தே, சீக்கிரம் வாங்க."

"நூறு கஜம், சரி. எங்கேந்து நூறு கஜம்?"

வரைபடத்தில் புள்ளி இல்லை. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் வெறும் ரோடும் தெருவும்தான். அவள் விடவில்லை. அன்றைக்கு அழுததைப் போலவே அழுதாள். மஹ்ஜபீன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "புள்ள, புள்ள" என்று ஷாகிதா விட்டு விட்டுச் சொன்னாள். ராஷித்தைத் திட்டுகிற மாதிரித் திட்டினாள். அவனிடம் கெஞ்சியது மாதிரிக் கெஞ்சினாள், அதைக் கேட்டபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் 'பக்கம்' பொறுமையாக, தெரியவில்லை, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

ஷாகிதா நிமிர்ந்தாள். முகத்திரையைத் தூக்கித் தலைக்குமேல் போட்டாள். கண்ணீர் தாடையில் வழிந்து நின்றது. நான் அவளுடைய முழுக் குரலை, கல்யாண வீடுகளில் எங்களையெல்லாம் கூப்பிட்டு அதட்டுகிற அந்தக் குரலை, கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. அந்தக் குரலில், கீழே பட்டறைவரை கேட்கும்படிக் கேட்டாள்.

"நான் ஷாகிதா! பூந்தமல்லி துணிக்கடைக்காரர் மவ ஷாகிதா! நான் எங்க கீறேன், சொல்லு பாப்போம்!"

"தெரியலீங்களே" என்றது 'பக்கம்'.

விழுந்துபோன மரத்தடி தெரிந்தது அதற்கு. பாதி பெயிண்ட் அடித்த வீடு தெரிந்தது. ஒரு ஊரே வாயால் சொன்ன வழியெல்லாம் தெரிந்தது. இவளைத் தெரியவில்லை. அது எல்லாவற்றையும் சொன்ன நாளைவிட, தெரியாது என்று சொன்ன இந்த நொடியில்தான் எனக்கு அதன் முன்னால் எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது. நின்றேன்.

ஷாகிதா மறுபடியும் கேட்டாள், இன்னும் சத்தமாக. தெரியவில்லை என்றது. மஹ்ஜபீன் சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு அம்மாவும் சிரித்தாள், அழுதுகொண்டே.

"பக்கத்துல இன்னா கீதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று அது கெஞ்சாத குறையாகக் கேட்டது.

"சொல்ல மாட்டேன், போ" என்றாள் ஷாகிதா.